அப்பா விட்டுச் சென்ற பில்லியர்ட்ஸ் பிலிம் சுருள்களையும் பந்துகளையும் எப்படிப் பாதுகாப்பது?

மார்க்கர் மகன்:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் நீலகிரியில் ஒரு கிளப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பில்லியர்ட்ஸ் மார்க்கராக, அதாவது ஆட்டப் புள்ளிகளைக் குறிப்பவராக, இருந்தவர். சென்ற மாதம் காலமானார். அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, துருவேறிய மூன்று டப்பாக்களில் 16 மி.மீ. பிலிம் சுருள்களும், இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு என மூன்று பழைய பந்துகளும், பந்தை அடிக்கும் கோலான ஒரு கியூவும், ஆட்டப் புள்ளிகளை எழுதி வைத்த நான்கு நோட்டுகளும் கிடைத்தன. ஒரு டப்பாவின் மீது அப்பாவின் கையெழுத்தில் ‘கல்கத்தா 1958’ என்று எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. அந்த ஆண்டு கல்கத்தாவில்தான் இந்திய வீரர் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார் என்பதை அப்பா சொல்லக் கேட்டே வளர்ந்தவன் நான். ஆகவே, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆவலை அடக்க முடியவில்லை.

உறவினர் ஒருவரிடம் ஓடும் நிலையில் பழைய புரொஜெக்டர் இருக்கிறது. அதில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா? வெள்ளைப் பந்துகள் தந்தமாக இருக்கும் என்று தோன்றுகிறது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கலாமா? ஒருவர் இப்போதே விலை பேசுகிறார்.

சுருள் காப்பாளர்:

தங்கள் தந்தையாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். முதலில் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து புரொஜெக்டரில் ஓட்டாதீர்கள். பல ஆண்டுகள் டப்பாவுக்குள் கிடந்த பிலிம் நீளவாக்கில் சுருங்கியிருக்கும். நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கியிருந்தாலே ஓரத் துளைகள் புரொஜெக்டரின் பற்களோடு பொருந்தாமல் வரிசையாகக் கிழியத் தொடங்கிவிடும். என் தாத்தா எடுத்த குடும்பப் படத்தை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தபோது, அவர்கள் சுவரில் ஓட்டி அதை வீடியோ கேமராவால் படம்பிடித்தார்கள். திரும்பி வந்த சுருளில் ஏறக்குறைய பத்தடிக்குத் துளைகளே இல்லை. அந்தப் பத்தடியில்தான் என் பாட்டி இருந்தார்.

தீப்பிடிக்குமோ என்ற அச்சம் வேண்டாம். தீப்பற்றும் நைட்ரேட் பிலிம் பெரும்பாலும் 35 மி.மீ. அகலத்தில் வந்தது, கோடக் நிறுவனம் 1923இல் 16 மி.மீ. பிலிமை அறிமுகப்படுத்தியபோதே அதை எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் என்ற பொருளில்தான் செய்தது. அசிட்டேட்டுக்கு உள்ள நோய் வேறு. டப்பாவைத் திறந்தவுடன் வினிகர் வாடை மூக்கில் ஏறினால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெளிவரும் அமில ஆவியே சிதைவை மேலும் விரைவுபடுத்தும், பக்கத்தில் இருக்கும் நல்ல சுருளையும் பிடிக்கும். எனவே மூன்று டப்பாக்களையும் தனித்தனியே முகர்ந்து பாருங்கள். வாடை வீசுவதை உடனே பிரித்து வையுங்கள். துருவேறிய டப்பாக்களை மாற்றிக் காற்றுப் போகும் பிளாஸ்டிக் டப்பாக்களில் சுருள்களைப் படுக்கை வாட்டில் வையுங்கள். அந்துருண்டை கூடவே கூடாது. அப்பா எழுதி ஒட்டிய தாளை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துவிடுங்கள், அதுவும் ஆவணம்தான்.

பிறகு, பற்களில்லாத உருளைகளின் மேல் பிலிமைச் செலுத்தி ஒவ்வொரு சட்டகமாக (ஃபிரேமாக) ஸ்கேன் செய்யும் இடத்தைத் தேடுங்கள். புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. மும்பையில் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் 2014 முதல் இயங்குகிறது. இருவரிடமும் எழுதிக் கேட்கலாம். மூலத்தை ஒப்படைப்பதாக இருந்தால், உரிமை யாரிடம் இருக்கும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகே கொடுங்கள்.

பச்சை மேசை:

பந்துகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தந்தத்தை நல்ல வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்வது தெரியும். பந்துக்கென்று கடைபவர்கள் தந்தத்தின் நடு நரம்பு பந்தின் மையத்தில் வரும்படி கடைந்ததால், எதிரெதிர்ப் பக்கங்களில் மிளகைவிடச் சிறிய கரும்புள்ளி ஒவ்வொன்று இருக்கும். எண்ணெய் வேண்டாம், தந்தம் அதை உறிஞ்சிக் கறைபடும். தண்ணீரும் வேண்டாம். உலர்ந்த பருத்தித் துணியே போதும். வெயிலும் அடுப்பங்கரைச் சூடும் படாமல், ஈரப்பதம் ஏறி இறங்காத இடத்தில் வைத்தால் மேலும் வெடிப்பு விடாது.

விலை பேசுபவரிடம் மறுத்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தந்தப் பொருளை விற்க முடியாது. மரபுரிமையாக வந்ததென்றால் 90 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டும். சென்ற மாதம்தான் அப்பா தவறினார் என்பதால் இன்னும் காலம் இருக்கிறது. வன அலுவலகத்துக்கு நேரில் சென்று விண்ணப்பத்தைக் கேளுங்கள்.

சிவப்புப் பந்தைத் துணியால் வேகமாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாடை வந்தால் அது செல்லுலாய்டு. தந்தத்துக்கு மாற்றுத் தேடிய ஜான் வெஸ்லி ஹையட் 1870இல் காப்புரிமை பெற்ற அந்தப் பொருள், கற்பூரம் சேர்த்து இளக்கிய நைட்ரேட்தான். பின்னாளில் 1889இல் கோடக் நிறுவனர் ஈஸ்ட்மன் பிலிமாக வார்த்ததும் அதே பொருளைத்தான். பில்லியர்ட்ஸ் பந்தும் சினிமாச் சுருளும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆனால் அந்தப் பந்து தீப்பற்றும். அதிலிருந்து வரும் ஆவி உலோகத்தையும் அரிக்கும். சூடான ஊசியால் குத்திச் சோதிக்காதீர்கள். மூடி இறுக்காமல், பிலிமுக்கும் நோட்டுகளுக்கும் தொலைவில் தனியே வையுங்கள்.

நூறு பிரேக்:

சீட்டில் 1958 என்று எழுதியிருப்பதால் மட்டும் உள்ளே இருப்பது அந்தப் போட்டிதான் என்று சொல்லிவிட முடியாது. பிலிமின் ஓரத்தில் கோடக் அச்சிட்டிருக்கும் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பிலிம் தயாரான ஆண்டை அவை காட்டும். அக்குறிகள் இருபது ஆண்டுகளுக்கொருமுறை திரும்ப வரும் என்பதால் 1938க்கும் 1958க்கும் குறி ஒன்றே; எது என்பதை உடையும் விளக்கும் ஸ்கோர் பலகையும்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு ஓரங்களிலும் துளை இருந்தால் அது ஒலியில்லாப் பிலிம். நொடிக்கு 16 அல்லது 18 சட்டகம் என்ற வேகத்தில் எடுத்திருக்கலாம். 100 அடிச் சுருளில் 4,000 சட்டகங்கள் உண்டு. 16 என்ற வேகத்தில் 4 நிமிடம் 10 நொடி ஓட வேண்டியதை 24இல் ஓட்டினால் 2 நிமிடம் 47 நொடியில் முடிந்துவிடும். வேறு படமென்றால் மனிதர்கள் குடுகுடுவென்று நடப்பதோடு போய்விடும். பில்லியர்ட்ஸ் படத்திலோ ஆட்டமே பொய்யாகிவிடும்: எவ்வளவு மெல்லத் தொட்டார், பந்து மேசையின் ஓர மெத்தையான குஷனில் பட்டு எப்படிச் சோர்ந்து நின்றது என்பதுதானே அதில் பார்க்க வேண்டியது! ஸ்கேன் செய்பவரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

பில்லியர்ட்ஸுக்கும் அதன் உறவான ஸ்நூக்கருக்கும் படப்பதிவு வாய்த்தது குறைவு. ஜான் ஸ்பென்சர் 1979இல் இங்கிலாந்தின் ஸ்லோ நகரில் ஸ்நூக்கரின் உச்சப் புள்ளியான 147 எடுத்தபோது தொலைக்காட்சிக் கேமராக்கள் ஓடவில்லை. பிபிசி 1969இல் தொடங்கிய ‘பாட் பிளாக்’ என்ற ஸ்நூக்கர் நிகழ்ச்சியின் தொடக்க கால ஒளிநாடாக்களில் பலவற்றை அழித்துவிட்டார்கள். 1932இல் 4,137 புள்ளிகளை ஒரே பிரேக்கில், அதாவது இடையில் தவறவிடாமல் தொடர்ந்து அடித்து, எடுத்த பில்லியர்ட்ஸ் வீரர் வால்டர் லிண்ட்ரமின் கை அசைவை இன்று நாம் பார்க்க முடிகிறதென்றால், செய்திப்படச் சுருள்களை யாரோ எறியாமல் வைத்திருந்ததால்தான். ஒரு மார்க்கரின் பெட்டியில் இருந்தது என்று எண்ணி இதைச் சிறிதாக நினைத்துவிடாதீர்கள்.

நோட்டுகளை லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்து, அதில் வரும் பெயர்களை உங்கள் தாயாரிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கியூவைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும்.

மார்க்கர் மகன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு டப்பாக்களில் வாடை இல்லை. மூன்றாவதில் லேசாக வினிகர் வாடை வருகிறது. கல்கத்தா சீட்டு ஒட்டியிருப்பதும் அதில்தான். அதைப் பிரித்து வேறு அறையில் வைத்துவிட்டேன், புனேக்கு இன்று கடிதம் எழுதுகிறேன். வன அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை செல்கிறேன்.

சிவப்புப் பந்தைத் தேய்த்துப் பார்த்தேன், கற்பூர வாடையேதான். அம்மாவிடம் நீட்டியபோது, “அது கற்பூரப் பந்து, விளக்குப் பக்கம் கொண்டு போகாதே என்று உங்கப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்” என்றார்கள். முதல் நோட்டில் இதுவரை பதினொரு பெயர்களை அடையாளம் சொல்லியிருக்கிறார்கள்.