புதுச்சேரி தமிழர் பகுதியில் புது அலுவலகம்: எதை விடலாம், எதை விடக்கூடாது?

கேள்வி

கிழக்கு மேற்காகப் போகும் தெரு, தெற்குப் பார்த்த காலி மனை. அகலம் 12 மீ, ஆழம் 30 மீ. இருபுறமும் பழைய சுண்ணாம்புச் சாந்து வீடுகள், சுவரோடு சுவர். 40 பேருக்கு ஒரு மாடியோடு அலுவலகம். உரிமையாளர் கேட்பது கண்ணாடி முகப்பு, தரைக்குக் கீழே பார்க்கிங், பசுமைக் கட்டடச் சான்று.

மறுமொழி 1

சான்றைக் கடைசியில் பாருங்க. முதலில் முற்றம். பக்கவாட்டில் ஜன்னலே வைக்க முடியாத மனை இது. நடுவில் திறப்பு இல்லாவிட்டால் பட்டப்பகலிலும் விளக்குதான். ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதன் இரண்டு மடங்கு தூரம்தான் வெளிச்சம் உள்ளே வரும். 2.7 மீ என்றால் சுமார் 5.5 மீ. எனவே தெருவிலிருந்து மீட்டர் கணக்கில் தாழ்வாரம் 2.5, முன்கட்டு 8, முற்றம் 5, பின்கட்டு 11, கொல்லை 3.5 என்று பிரிங்க. இரண்டு கட்டுக்கும் இருபுற வெளிச்சமும் குறுக்குக் காற்றும் கிடைக்கும்.

கிழக்கு, மேற்கு வெயிலைப் பக்கத்து வீடுகளே வாங்கிக்கொள்ளும். தெற்கில் டிசம்பர் நண்பகல் சூரியன் 55 டிகிரி உயரத்தில் நிற்கும், மாடியில் 1.4 மீ உயர ஜன்னலுக்கு 1 மீ சன்ஷேடு போதும். பலர் கோட்டைவிடுவது வடக்கில். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் பாதிவரை சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். காலை, மாலைச் சாய்வெயிலுக்கு அங்கே நெட்டுத் தடுப்பு வேண்டும்.

கண்ணாடி முகப்பை விட்டுடுங்க. தமிழர் பகுதியிலேயே உள்ள வைசியாள் தெருவைப் பாருங்க, கீழே திண்ணை, தாழ்வாரம். மேலே பிரெஞ்சு பாணி ஜன்னல். உங்க தெருவிலும் தாழ்வாரக் கூரை, கைப்பிடிச் சுவர் உயரங்களை அளந்து அதே மட்டத்தில் தொடருங்க. போலித் தூண் ஒட்டினால் சகிக்காது.

மறுமொழி 2

கீழே தோண்டவே வேண்டாம். கடலோர மணல், குழியில் ஊறும் நீரைப் பம்ப் வைத்து இறைத்தால் தண்ணீரோடு நுண்மணலும் வரும். பக்கத்து வீட்டு ஆழமில்லாத செங்கல் அஸ்திவாரம் ஒரு ஓரம் இறங்கி, சுவர் படிப்படியாக வெடிக்கும். அடித்து இறக்கும் பைலும் (அஸ்திவாரத் தூண்) கூடாது, அதிர்வு தாங்காது, துளையிட்டுப் போடுங்க. தூண்களைப் பக்கத்துச் சுவரிலிருந்து உள்ளே தள்ளி, பீமை நீட்டிக்கொள்ளலாம்.

வேலைக்கு முன்பே இரு வீட்டுச் சுவர்களையும் தேதியோடு படமெடுத்து, பழைய விரிசல்களின் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டி வைங்க. சில்லு உடைந்தால் வேலை நிற்கணும்.

உப்புக்காற்றுக்கு எம்30 வலிமை ரகக் கான்கிரீட், கம்பிக்கு 45 மி.மீ கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம். அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டைச் சொருகினால் கம்பி துருப்பிடித்து கான்கிரீட் பெயர்ந்து விழும்.

கேட்டவர்

நன்றி. மழைச்சாரல் அடிக்கும் என்று உரிமையாளர் முற்றத்தைப் பாலிகார்பனேட்டால் மூடச் சொல்கிறார்.

மறுமொழி 1

கூரை போடலாம், அடைக்கக் கூடாது. கைப்பிடிச் சுவருக்கு மேல் 60 செ.மீ தூக்கி, நாலு பக்கமும் சாய்பலகை விடுங்க. அடைத்தால் சூடு மாடியிலேயே தேங்கி ஏசி செலவு ஏறும்.

மழைநீர்க் கணக்கையும் இப்பவே போடுங்க. 200 சதுர மீட்டர் கூரையில் 100 மி.மீ பெய்தால், சேதாரம் போக 17,000 லிட்டர். தொட்டி நிரம்பி வழிவது நிலத்தடி நீரைக் கூட்டும் மீள்நிரப்புக் கிணற்றுக்குப் போகட்டும்.

மறுமொழி 2

ஒன்று விட்டுப்போச்சு. பக்கத்துச் சுவரில் சிமென்ட் பூசிடாதீங்க. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் உப்பு பூத்து, செங்கல்லே பொரிந்து கொட்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூணு பங்கு மணல், அதுவும் கழுவிய ஆற்றுமணல். உங்க சுவருக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே 50 மி.மீ இடைவெளி விட்டு, மேலே உப்புக்காற்றைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் தகட்டை மடித்து மூடுங்க. தகட்டை உங்க சுவரில் மட்டும் திருகுங்க.