டாஸ் ஹெர்ட்ஸ்: இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஏன் இந்த வால்?

நாகர்கோவில் செவிலி:

ஜெர்மன் பி1 (இடைநிலை) தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. இரவுப் பணி முடிந்து வந்து, குளித்து, நாலு வாய் பழையசோறு சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு இணைய வகுப்பில் உட்காருகிறேன். இந்த வாரம் உடல் உறுப்புகள். ஒன்பது ஆண்டு செவிலியாக இருப்பவளுக்கு இதில் என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். தலை, கை, முதுகு எல்லாம் ஒழுங்காகவே வந்தன. இதயத்தில் மாட்டிக்கொண்டேன்.

டாஸ் ஹெர்ட்ஸ். ('டாஸ்' என்பது ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத பெயர்களுக்கு முன்னால் வரும் சிறுசொல். வேற்றுமை மாறினால் அதுவே 'டேம்', 'டெஸ்' ஆகும்.) (கேட்டவுடன் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ்தான் நினைவுக்கு வந்தது. அது ஹைன்ரிஹ் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரின் பெயராம். எழுத்தில் ஓர் எழுத்து கூடுதல், ஒலி ஒன்றுதான்.) 'இதயத்தோடு' என்பதற்கு 'மிட் டேம் ஹெர்ட்ஸ்' என்று எழுதினேன். ஆசிரியை சிவப்பில் அடித்து 'ஹெர்ட்ஸென்' என்று திருத்தினார். அப்படியானால் 'டேம்' வந்தால் 'என்' சேர வேண்டும் போலிருக்கிறது என்று காதுக்கு 'டேம் ஓரென்' என்று எழுதினேன். அதுவும் தப்பு! 'டேம் ஓர்' என்றுதான் எழுத வேண்டுமாம். ஏன் என்று கேட்டால் 'அது அப்படித்தான்' என்கிறார்.

போதாக்குறைக்கு ஒரு மருத்துவக் கட்டுரையில் 'டேம் ஹெர்ட்ஸ்' என்றே பார்த்தேன். யார் சொல்வது சரி? மாரடைப்பு 'ஹெர்ட்ஸ்இன்ஃபார்க்ட்'. ஆனால் நெடுநாள் ஆசை 'ஹெர்ட்ஸென்ஸ்வுன்ஷ்'. நடுவில் அந்த 'என்ஸ்' எங்கிருந்து வந்தது?

ஹைடெல்பெர்க் மாணவன்:

'அது அப்படித்தான்' என்பது பதில் ஆகாது, காரணம் இருக்கிறது. பழைய உயர் ஜெர்மனில் (ஏறத்தாழ 750 முதல் 1050 வரை) டாஸ் வகைப் பெயர்களில் இந்த 'ன்' வாலோடு திரிந்தவை மிகச் சில. ஹெர்ட்ஸா, ஓவ்கா, ஓரா, வங்கா. அதாவது இதயம், கண், காது, கன்னம். நான்கும் உடல் உறுப்புகள்! கன்னம் பின்னால் 'டீ வங்கெ' என்று பெண்பாலுக்குப் போய்விட்டது. கண்ணும் காதும் ஒருமையில் வாலை உதிர்த்துவிட்டுப் பன்மையில் மட்டும் வைத்துக்கொண்டன: டீ அவ்கென், டீ ஓரென். இதயம் மட்டும் ஒருமையிலும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே உங்கள் ஊகம் தவறில்லை, ஆயிரம் ஆண்டு பிந்திவிட்டது. அவ்வளவுதான்.

ஸ்டுட்கார்ட் அக்கா:

தங்கச்சி, முதலில் தேர்வுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எழுவாயாக வந்தாலும் இரண்டாம் வேற்றுமையில் வந்தாலும் டாஸ் ஹெர்ட்ஸ், மாற்றம் இல்லை. நான்காம் வேற்றுமையில் டேம் ஹெர்ட்ஸென். ஆறாம் வேற்றுமையில் டெஸ் ஹெர்ட்ஸென்ஸ். பன்மை எங்கும் ஹெர்ட்ஸென். மருத்துவ எழுத்தில் 'டேம் ஹெர்ட்ஸ்', 'டெஸ் ஹெர்ட்ஸெஸ்' என்றும் எழுதுவார்கள், டூடென் அகராதியே அதற்கு இடம் கொடுக்கிறது. கட்டுரையும் சரி, ஆசிரியையும் சரி. நீ தேர்வில் 'ஹெர்ட்ஸென்' என்றே எழுது, வம்பு இல்லை.

ஆனால் இந்த அட்டவணையைப் பாராயணம் செய்துவிட்டு வார்டில் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வந்த இரண்டாவது மாதம், இதயநோய்ப் பிரிவில் காலைப் பணி. எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டு, 'ஷ்வெஸ்டர் (சிஸ்டர்), இஹ் ஹாபெ எட்வாஸ் அவுஃப் டேம் ஹெர்ட்ஸென்' என்றார். 'இதயத்தின் மேல் என்னவோ இருக்கிறது' என்று எனக்குப் பட்டது. நான்காம் வேற்றுமை 'என்' எவ்வளவு துல்லியமாகக் காதில் விழுந்தது தெரியுமா, அதில் ஒரு பெருமை வேறு! இ.சி.ஜி. இயந்திரத்தை உருட்டிக்கொண்டு ஓடினேன். அவரைப் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, ஒவ்வொன்றாக ஒட்டினேன். பெரியவர் மறுப்பே சொல்லவில்லை. தாள் வெளியே வந்து முடிந்த பிறகு மெதுவாகக் கேட்டார், பக்கத்துக் கட்டில்காரர் விடிய விடியக் குறட்டை விடுகிறார், வேறு அறை கிடைக்குமா என்று.

'மனதில் ஒன்று இருக்கிறது, உங்களிடம் சொல்ல வேண்டும்' என்பதுதான் அந்த வாக்கியம். நெஞ்சு அடைத்தால் இங்கே பெரும்பாலும் 'ப்ருஸ்ட்', அதாவது மார்பு, என்ற சொல்தான் வரும். 'ட்ருக் அவுஃப் டேர் ப்ருஸ்ட்' (மார்பில் அழுத்தம்) என்று காதில் விழுந்தால் அப்போது ஓடு.

அதனால் இந்தச் சொல்லைத் தனியாகப் படிக்காதே, முன்னால் வரும் சிறுசொல்லோடு சேர்த்துப் படி. 'எர் ஹாட் எஸ் அம் ஹெர்ட்ஸென்': அவருக்கு இதயத்தில் கோளாறு. 'எஸ் லீக்ட் மியர் அம் ஹெர்ட்ஸென்': எனக்கு அதில் மிகுந்த அக்கறை. இரண்டிலும் அதே 'அம் ஹெர்ட்ஸென்'தான், வினைச்சொல் மாறியதும் நோய் அக்கறையாகிவிட்டது. ஒரு யோசனையை 'அவசியம் செய்யுங்கள்' என்று வற்புறுத்திச் சொல்வது 'ஆன்ஸ் ஹெர்ட்ஸ் லேகென்'. இங்கே 'என்' இல்லை, கவனித்தாயா? அது இரண்டாம் வேற்றுமை.

கூட்டுச் சொற்களில் இரத்தம் ஓடும் இதயத்துக்கு 'ஹெர்ட்ஸ்', உள்ளத்துக்குப் பெரும்பாலும் 'ஹெர்ட்ஸென்ஸ்'. கல்லில் பொறித்த விதி இல்லை. காதல் வலி 'ஹெர்ட்ஸ்ஷ்மெர்ட்ஸ்'தான், ஈ.சி.ஜி.யில் அது தெரியாது என்றாலும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, பேரன் ஜெர்மனியில் பிறந்தவன் என்பதால் அறுபத்தெட்டு வயதில் இந்த மொழியைத் தொட்டவன் நான். வாலைப் பார்த்து மலைக்காதீர்கள். 'மரம்' என்பதை 'மரம்க்கு' என்றா சொல்கிறோம்? 'மரத்துக்கு' என்கிறோம். இடையில் அத்துச் சாரியை வந்து உட்காருகிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் 'இது எங்கிருந்து வந்தது' என்று கேட்டால் நாமும் முழிப்போம். (சாரியையும் ஜெர்மன் விகுதியும் ஒன்றல்ல என்று ஹைடெல்பெர்க் தம்பி சண்டைக்கு வர வேண்டாம்.)

இன்னொன்று. உறுப்புகளைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலத்தை நடுவில் நுழைய விடாதீர்கள். 'என் தலை' என்று தொடங்கவே தேவையில்லை. 'மியர் டூட் டேர் கோப்ஃப் வே' என்பது அப்படியே நம் 'எனக்குத் தலை வலிக்கிறது'. மியர் என்றால் எனக்கு. 'இஹ் வாஷெ ஈம் டென் ரியுக்கென்': அவருக்கு முதுகு தேய்த்துவிடுகிறேன். 'அவருடைய முதுகை' என்று நாமும் சொல்வதில்லை, அவர்களும் சொல்வதில்லை. நான்காம் வேற்றுமை நமக்குப் பிறந்த வீடு.

நாகர்கோவில் செவிலி:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும் நன்றி. 'ஹெர்ட்ஸ்', 'ஷ்மெர்ட்ஸ்' இரண்டும் இயைபாக இருக்கின்றனவே, வலிக்கும் 'டேம் ஷ்மெர்ட்ஸென்' என்று வருமா?

ஸ்டுட்கார்ட் அக்கா:

வராது. டேர் ஷ்மெர்ட்ஸ், டேம் ஷ்மெர்ட்ஸ். பன்மையில் மட்டும் ஷ்மெர்ட்ஸென். கவிதைக்குத்தான் இரண்டும் ஜோடி, இலக்கணத்துக்கு இல்லை.

நாகர்கோவில் செவிலி:

இன்று வகுப்பு தொடங்கியதும் ஆசிரியையிடம் 'இஹ் ஹாபெ எட்வாஸ் அவுஃப் டேம் ஹெர்ட்ஸென்' என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சொல்லுங்கள் என்றார். இரவுப் பணி முடிந்து வர நேரமாகிறது, வகுப்பை அரை மணி தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன். நாளையிலிருந்து பத்தரைக்கு.