புரட்டாசி சனிக்கிழமையும் ஆறு டிக்கெட்டும்

குழு: உத்திர வீதி குடும்பம் (எடிசன் கிளை)
வியாழன், 21 செப்டம்பர் 2023

சியாமளா அத்தை: நாளை மறுநாள் புரட்டாசி முதல் சனிக்கிழமை. தளிகை எங்கள் வீட்டில். பதினொன்றரைக்குள் வந்துவிடுங்கள். தலை எண்ணிக்கை சொன்னால்தான் அரிசி ஊற வைக்க முடியும்.

கௌரி பெரியம்மா: நாங்கள் ரெண்டு பேர்.

வித்யா: நாங்கள் மூன்று. குழந்தைக்குக் காரம் ஆகாது அத்தை.

ரகு சித்தப்பா: அக்கா, சனிக்கிழமை இரண்டரை மணிக்கு நியூயார்க்கில் ஐமாக்ஸ். ஆறு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. போன மாதமே சொன்னேன்.

சியாமளா அத்தை: எங்கே சொன்னாய்?

ரகு சித்தப்பா: இதே குழுவில்தான். மேலே போய்ப் பார்.

அத்திம்பேர்: மேலே போனால் கௌரி மன்னியின் காலை வணக்கம் நாற்பது இருக்கிறது. அதற்கு மேல் மூச்சு வாங்குகிறது.

கௌரி பெரியம்மா: இனிமேல் அனுப்பவில்லை.

அத்திம்பேர்: ஐயோ விளையாட்டுக்குச் சொன்னேன்.

நிகில்: என்ன படம் மாமா

ரகு சித்தப்பா: டாக்கிங் ஹெட்ஸ் என்கிற அமெரிக்க பாண்டின் கச்சேரிப் படம்டா. 1983 டிசம்பரில் ஹாலிவுட் பான்டேஜஸ் தியேட்டரில் சில நாள் ராத்திரி கச்சேரிகளில் எடுத்தது. இயக்கம் ஜோனதன் டெமி. 1984-இல் வந்தது. நான் இந்த ஊருக்கு வந்த வருடம். இப்போது புதுசாகத் துலக்கிப் போடுகிறார்கள். ஆரம்பத்தில் மேடை துடைத்து வைத்த மாதிரி காலி. டேவிட் பர்ன் மட்டும் ஒரு கிடாரும் டேப் ரிக்கார்டருமாக வந்து நிற்பார். ரிக்கார்டரைத் தரையில் வைத்துத் தட்டிவிட்டு, அந்தத் தாளத்துக்குப் பாடுவார். இரண்டாவது பாட்டுக்கு டீனா வேமத் பேஸ் கிடாரோடு வருவாள். மூன்றாவதுக்கு கிறிஸ் ஃப்ரான்ட்ஸ், டிரம்ஸ். நான்காவதுக்கு ஜெரி ஹாரிசன். ஆட்கள் பலகையையும் மேளத்தையும் நம் கண் முன்னாலேயே தள்ளிக்கொண்டு வருவார்கள். கடைசியில் மேடையில் ஒன்பது பேர்.

அத்திம்பேர்: நம் வீட்டுத் தளிகை மாதிரியே இருக்கிறது. முதலில் சியாமளா மட்டும் அடுப்படியில். இலை போட்டதும் ஒன்பது பேர்.

வித்யா: 😂

சியாமளா அத்தை: வாய் பேசுகிறவர் தேங்காய் துருவலாம்.

நிகில்: பெரிய கோட் போட்டுக்கொண்டு ஆடுவாரே, அவரா?

ரகு சித்தப்பா: அவரேதான். ஜப்பானில் 'நோ' என்கிற பழைய நாடகம் பார்த்து வந்த யோசனை அது. தோள் அகலமாக, சட்டமாக நிற்கும். தலை சின்னதாகத் தெரியும்.

வித்யா: சித்தப்பா பட்டமளிப்பு போட்டோவில் போட்டிருக்கிறாரே, அந்தக் கோட் மாதிரியா? தோள் முழங்கைக்கு வந்திருக்குமே.

அத்திம்பேர்: அதே அதே.

பெரியப்பா: அந்தக் கோட் என்னுடையது. என் கல்யாணத்துக்குத் தைத்தது.

கௌரி பெரியம்மா: இன்னும் திரும்பி வரவில்லை.

ரகு சித்தப்பா: அக்கா, அண்ணாவிடம் சொல், கோட் பத்திரமாக இருக்கிறது.

சியாமளா அத்தை: அவனும் இதே குழுவில்தான் இருக்கிறான். நீயே சொல்.

வித்யா: அத்தை, வெல்லம் நான் வாங்கி வரட்டுமா? அக்காரவடிசலுக்கு எத்தனை?

சியாமளா அத்தை: ரெண்டு கிலோ. உருண்டை வெல்லம். போன தடவை வாங்கிய பொடியில் மண்.

நிகில்: மாமா இவர்கள் ராக்கா, டான்ஸ் மியூசிக்கா? ரெண்டு பாட்டு கேட்டேன், ஒரே ஆள் மாதிரி இல்லை.

அத்திம்பேர்: கேட்டுவிட்டான். எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

ரகு சித்தப்பா: நல்ல கேள்வி. ரோட் ஐலண்ட் ஓவியக் கல்லூரியில் பழக்கமான மூன்று பேர். நியூயார்க் வந்து ஒரே இடத்தில் குடியிருந்து, 1975-இல் சி.பி.ஜி.பி. கிளப்பில் ரமோன்ஸ் என்கிற பங்க் ராக் பாண்டின் கச்சேரிக்கு முன்னால் வாசித்தார்கள். அந்த இடத்தில் எல்லோரும் தோல் ஜாக்கெட். இவர்கள் மட்டும் பாங்க் குமாஸ்தா மாதிரி சட்டை. 1977 முதல் ஆல்பம் கம்பி மாதிரி மெலிசு, படபடப்பு. அப்புறம் பிரையன் ஈனோ தயாரித்த மூன்று ஆல்பம், 1978, 79, 80. அங்கேதான் எல்லாம் மாறியது. 1980 ஆல்பத்தை பஹாமாஸ் போய் ஆரம்பித்தார்கள். நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டியை விடாமல் கேட்ட காலம். பாட்டை எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கவில்லை. ஆளுக்கொரு சின்னத் துணுக்கு, அதையே திரும்பத் திரும்ப வாசித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். கார்டு, அதாவது சேர்த்து ஒலிக்கிற ஸ்வரக்கூட்டு, அநேகமாக மாறவே மாறாது. வார்த்தை கடைசியில்தான். ஒரு பாட்டுக்கு ரேடியோவில் கத்தும் பாதிரியார்களின் தொனியைப் பிடித்துக்கொண்டார் பர்ன்.

ரகு சித்தப்பா: அவ்வளவு அடுக்கை நாலு பேர் மேடையில் வாசிக்க முடியாது. அதனால்தான் கூட ஆள் சேர்த்தார்கள். கீபோர்டில் பெர்னி வொரல். பார்லிமென்ட் ஃபங்கடெலிக் என்கிற ஃபங்க் இசைக் கூட்டத்து ஆள் அவர். மெலிசாக ஆரம்பித்த கூட்டம் மூன்று வருடத்தில் ஊரையே ஆட வைத்தது.

நிகில்: ஓகே

கௌரி பெரியம்மா: சனிக்கிழமை மழை என்று போட்டிருக்கிறான். ஞாயிறும்.

வித்யா: தெற்கே புயல் கிளம்புகிறதாம்.

சியாமளா அத்தை: மழையில் யாரும் நியூயார்க் போக வேண்டாம்.

ரகு சித்தப்பா: ரயிலில்தானே போகிறோம் அக்கா. ஒரு மணி நேரம்.

கௌரி பெரியம்மா: அந்த ஆறு டிக்கெட் யார் யாருக்கு?

(பதினோரு நிமிடம் யாரும் எழுதவில்லை.)

வித்யா: வெல்லம் வாங்கிவிட்டேன் அத்தை.

அத்திம்பேர்: ரகு, அந்த பாண்ட் இன்னும் இருக்கிறதா?

ரகு சித்தப்பா: எங்கே. 1983-இல் ஒரே ஒரு பாட்டு அமெரிக்க டாப் டென்னில் ஏறியது, ஒன்பதாவது இடம். 1985 ஆல்பம் நேரான, சின்னச் சின்னப் பாட்டுகள். எனக்கு அது ஒட்டவில்லை. 1988-இல் பாரிஸில் போய் ஆப்பிரிக்க, லத்தீன் வாத்தியக்காரர்களை வைத்துக் கடைசி ஆல்பம். 1991-இல் முடிந்தது. பேப்பரைப் பார்த்துத்தான் தங்களுக்கே தெரியும் என்று கிறிஸ் சொல்லியிருக்கிறார். பாண்ட் உடையவில்லை, பர்ன் கிளம்பிப் போனார், அவ்வளவுதான் என்பது அவர் கட்சி.

நிகில்: 1985தான் பெஸ்ட் மாமா. இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ரகு சித்தப்பா: உனக்கு வயது போதாது.

ரகு சித்தப்பா: தகராறு 1980-லேயே ஆரம்பம். அந்த ஆல்பத்தில் பாட்டுக்கு யார் யார் பெயர் போடுவது என்று. கூடி அடுக்கிய பாட்டு, அட்டையில் பெயர் மட்டும் முன்னே பின்னே. 1996-இல் மற்ற மூன்று பேரும் 'தி ஹெட்ஸ்' என்று ஆல்பம் போட்டபோது, பெயரைத் தொடக்கூடாது என்று பர்ன் கோர்ட்டுக்குப் போனார்.

அத்திம்பேர்: பட்டாவில் பெயர் சேர்க்கிற கேஸ் மாதிரி

(அத்திம்பேர் இந்தச் செய்தியை நீக்கினார்)

கௌரி பெரியம்மா: பார்த்துவிட்டோம்.

சியாமளா அத்தை: இவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டேன். யாரும் ஒன்றும் நினைக்க வேண்டாம். உளுந்து வடை வேண்டுமா, மிளகு வடை போதுமா?

வித்யா: மிளகு வடை

நிகில்: ரெண்டும்

பெரியப்பா: 89-இல் ரகுவோடு ஒற்றை அறையில் ஆறு மாதம் இருந்தேன். தினம் இந்தக் கேசட்தான். ஏ பக்கம் தேய்ந்து போய் பி பக்கத்துச் சத்தம் கேட்கும். அந்தப் பெண் பேஸ் வாசிப்பது மட்டும் நன்றாக இருக்கும். கணக்கு தப்பாது. மிருதங்கத்தில் தொப்பி மாதிரி, கீழே பேசாமல் இருந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருப்பாள்.

ரகு சித்தப்பா: டீனா. பாண்டில் சேரும்போதுதான் அண்ணா பேஸ் கற்றுக்கொண்டாள். பேஸ் வாசித்துப் பாடும் சூசி குவாட்ரோவின் ரெக்கார்டு போட்டுக் கேட்கச் சொன்னது கிறிஸ்தான். அப்புறம் 77-இல் அவனையே கல்யாணம் செய்துகொண்டாள்.

பெரியப்பா: அவள் இருக்கிறாளா?

ரகு சித்தப்பா: இருக்கிறாள். பத்து நாள் முன்னால் டொராண்டோ திரைப்பட விழாவில் நாலு பேரும் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். ஸ்பைக் லீ கேள்வி கேட்டார். அதற்கு முன்னால் 2002-இல், ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது சேர்ந்து வாசித்ததுதான்.

பெரியப்பா: வாசித்தார்களா?

ரகு சித்தப்பா: டொராண்டோவிலா? இல்லை. பேசினார்கள்.

பெரியப்பா: ம்.

வித்யா: அத்தை பார்த்தீர்களா

சியாமளா அத்தை: பார்த்தேன். சும்மா இரு.

நிகில்: அம்மா நான் படத்துக்குப் போகிறேன். தளிகைக்கும் வருகிறேன். பத்தரைக்கே இலை போட முடியுமா?

சியாமளா அத்தை: பெருமாள் உன் ரயில் டயம் பார்த்து அமுது செய்வாரா?

அத்திம்பேர்: போன் கிடைத்துவிட்டது. அக்காரவடிசல் சாப்பிட்டுவிட்டு இருட்டில் உட்கார்ந்தால் இரண்டாவது ஆள் மேடைக்கு வருவதற்குள் நான் தூங்கிவிடுவேன். என் டிக்கெட்டை யாருக்காவது கொடு ரகு.

சியாமளா அத்தை: என்னுடையதையும். மழையில் எனக்கு முட்டி வலிக்கும்.

ரகு சித்தப்பா: அப்படியானால் ரெண்டு டிக்கெட் இருக்கிறது.

ரகு சித்தப்பா: சும்மா தகவலுக்குச் சொல்கிறேன்.

கௌரி பெரியம்மா: எனக்குக் காது இரையும்.

பெரியப்பா: கோட்டை சனிக்கிழமை எடுத்து வரச் சொல்லுங்கள். மற்றதை மழையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறேன்.

சியாமளா அத்தை: சரி, முடிவாக எத்தனை பேருக்கு அரிசி?

சியாமளா அத்தை: ஹலோ

நிகில்: மாமா, 1979 ஆல்பத்தில் முதல் பாட்டு என்ன மொழி?

ரகு சித்தப்பா: எந்த மொழியும் இல்லைடா! ஹூகோ பால் என்று ஒரு ஜெர்மன் கவி, முதல் உலகப் போர் சமயத்தில் ஜூரிக்கில்