பெரிய டயர் போட்ட பிறகு டீசல் எங்கே போகிறது?

செம்மண் சாலை:

என்னிடம் இருப்பது 1.9 லிட்டர் டீசல் எஞ்சின் கொண்ட இசுசு வி-கிராஸ் பிக்கப், கையால் கியர் மாற்றும் வகை. இரண்டு ஆண்டுகளாகக் கம்பெனியிலிருந்து வந்த 255/60 ஆர்18 டயர்களிலேயே ஓட்டி வந்தேன். மணப்பாறைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதை ஐப்பசி மழையில் குழம்பாகிவிடும்; இரண்டு முறை டிராக்டரை அழைத்துக் கயிறு கட்டி இழுக்க வேண்டியதாகிவிட்டதால், இந்த ஆண்டு 285/60 ஆர்18 அளவில், சேற்றிலும் பிடிக்கும் ஆல்-டெரெய்ன் டயர்களுக்கு மாறினேன். சேற்றைப் பற்றி இனி எனக்குக் கவலை இல்லை. ஆனால் டேங்க் நிரப்பிப் பார்க்கும் கணக்கில் லிட்டருக்கு 12.5 கி.மீ. கொடுத்த வண்டி இப்போது 10.6 தான் கொடுக்கிறது. "அரை கிலோமீட்டர் குறையும் சார், அதற்கு மேல் தெரியாது" என்று சொன்ன டயர் கடைக்காரரை நம்பியது என் தவறு. நூற்றுக்குப் பதினைந்து போய்விட்டது. மாற்ற நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கணக்கர்:

உங்கள் எரிச்சல் புரிகிறது, ஆனால் 10.6 என்ற எண்ணே தவறானது. பழைய டயரின் விட்டம் 763.2 மி.மீ., புதியதன் விட்டம் 799.2 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு முன்பைவிட 4.7 சதவீதம் கூடுதலான தூரத்தைக் கடக்கிறது. ஓடோமீட்டரோ சுற்றுகளைத்தான் எண்ணுகிறது, டயர் மாறியது அதற்குத் தெரியாது. நீங்கள் ஓடிய தூரத்தில் ஒரு பகுதி எழுதப்படாமலே போகிறது என்பதால், 10.6-ஐ 1.047-ஆல் பெருக்குங்கள்: 11.1 வரும். உண்மையான இழப்பு பதினைந்து அல்ல, பதினொன்று சொச்சம். நம்பிக்கை இல்லையென்றால் அடுத்த முறை உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும் ஒரு கிலோமீட்டர் கல்லருகே ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, இருபது கற்களை எண்ணிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

ஆறாவது கியர்:

பதினொன்று என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. சக்கரம் பெரிதானால் அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகத்தான் சுழல வேண்டும். முன்பு 2000 சுற்றுகளில் ஓடிய இடத்தில் இப்போது 1910 போதும். எஞ்சின் குறைவாகச் சுழன்றால் டீசலும் குறைவாகத்தானே எரியும்? நான்கு வழிச் சாலையில் மைலேஜ் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால் ஓட்டுகிற கால் சரியில்லை, அல்லது வண்டியில் வேறு கோளாறு இருக்கிறது.

பட்டறைக்காரர்:

தம்பி ஆறாவது கியர் அவர்களே, வண்டியைத் தள்ளுவதற்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்பதைக் காற்றும், சாலையும், வண்டியின் எடையும்தான் தீர்மானிக்கின்றன. சுற்று குறைந்தது என்பதற்காக அவை தள்ளுபடி கொடுப்பதில்லை. சுற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டும், எனவே ஒவ்வொரு முறையும் பாயும் டீசலும் கூடும். எஞ்சினுக்குள் உள்ள உராய்வில் கொஞ்சம் மிச்சமாகும் என்பது உண்மைதான். பெட்ரோல் வண்டியாக இருந்தால், பாதி மூடிய த்ராட்டில் வழியாகக் காற்றை உறிஞ்சுவதில் வீணாகும் சக்தியும் சற்றுக் குறையும். டீசலில் அந்த வீணே மிகக் குறைவு என்பதால் நீங்கள் எதிர்பார்க்கும் லாபமும் அந்த அளவுக்கே இருக்கும்.

இன்னொன்று. இந்த 1.9 எஞ்சினின் முழு இழுவை 2000 சுற்றுக்கு மேல்தான் கிடைக்கிறது. மேம்பாலம் ஏறும்போதும் லாரியை முந்தும்போதும் 1910-இல் இழுக்காமல் ஐந்தாவது கியருக்கு இறங்கினால், நீங்கள் சேமித்ததை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

செம்மண் சாலை:

கணக்கர் சொன்னபடி கற்களை எண்ணினேன். இருபதாவது கல் வந்தபோது மீட்டர் 19.1 காட்டியது, பக்கத்தில் அமர்ந்திருந்த என் மகள் எண்ணியதால் அதில் சந்தேகமும் இல்லை. அந்த அளவுக்கு அவருடைய கணக்கை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எனக்கு ஓடோமீட்டரே வேண்டாம். தாம்பரத்தில் டேங்க் நிரப்பி ஊருக்குப் போய் மறுபடி நிரப்பினால் முன்பு 26.4 லிட்டர் பிடித்தது, இப்போது 29.7 பிடிக்கிறது. சாலை 330 கி.மீ. தான், டயருக்காக ஊர் தள்ளிப் போய்விடவில்லை. லிட்டர் 92 ரூபாய் என்றால் ஒரு நடைக்கு ஏறக்குறைய 300 ரூபாய் அதிகம், மாதம் மூன்று நடை போய் வருகிறேன். கணக்குப் பிழை, சதவீதம் என்று எப்படிச் சொன்னாலும் பில்லில் இருப்பது கூடுதல் டீசல்தான்.

கணக்கர்:

ஊர் தள்ளிப் போகவில்லை, ஆனால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள். பழைய டயரில் முள் 100 காட்டியபோது ஜி.பி.எஸ். எவ்வளவு காட்டியது என்று நினைவிருக்கிறதா? ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது பல நாடுகளின் விதி என்பதால், கம்பெனிகள் முள்ளைச் சற்றுக் கூட்டியே வைக்கின்றன. பெரிய டயர் அந்தக் கூடுதலை விழுங்கிவிடும். முள் அதே 100-இல் நிற்கும், வண்டியோ முன்பைவிட 4.7 சதவீதம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் அது 9.6 சதவீதம் அதிகம். சதுரமான மூக்கும் திறந்த பின்பெட்டியும் கொண்ட ஒரு பிக்கப்புக்கு அந்த வேகத்தில் டீசலின் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. நீங்கள் டயரின் தலையில் போடும் பழியில் ஒரு பகுதி உங்கள் வேகத்துக்கு உரியது.

செம்மண் சாலை:

நினைவிருக்கிறது. பழைய டயரில் முள் 100 என்றால் ஜி.பி.எஸ். 96. இப்போது 100-க்குச் சற்று மேல். இதை நான் யோசிக்கவில்லை.

ஆனால் ஒரு கேள்வி. முள்ளைப் பார்த்து ஓட்டுகிற சாதாரண மனிதனுக்குப் பெரிய டயர் கொண்டுவருகிற இழப்பு இதையும் சேர்த்துத்தானே?

கொல்லிமலையான்:

நான் வைத்திருப்பது 2017-ஆம் ஆண்டின் 2.5 லிட்டர் வி-கிராஸ். அளவை மாற்றாமல், கம்பெனி கொடுத்த அதே அளவில் ஆல்-டெரெய்ன் டயர் போட்டேன். ஓடோமீட்டர் பிழை இல்லை, முள் பிழை இல்லை, கியர் கணக்கும் மாறவில்லை. அப்படியும் 12.8 கொடுத்த வண்டி 12.2-க்கு இறங்கியது. ஏறக்குறைய ஐந்து சதவீதம். டயரின் மேலுள்ள தடித்த ரப்பர் பட்டன்கள் சாலையில் பதிந்து எழும்போது ரப்பர் நெளிகிறது, நெளிந்த ரப்பர் சூடாகிறது, அந்தச் சூடு டீசலிலிருந்துதான் வருகிறது. ஆகவே இங்கே எல்லோரும் டயரின் அளவைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் என் நண்பர் 285 டயர் போட்ட வண்டியோடு என் பின்னால் வந்தார். நான் இரண்டாவது கியரில் திரும்பிய வளைவுகளில் பாதியில் அவர் முதலாவதற்குப் போக வேண்டியிருந்தது. மலையில் ஓட்டுபவர்கள் அளவுக்குக் கொடுக்கும் விலை அது. நெடுஞ்சாலைக் கணக்கை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது.

ஆறாவது கியர்:

மலையை நான் பேசவில்லை, சமதளத்தைத்தான் பேசினேன். பட்டறைக்காரர் ஐயா சொன்னதில் டீசல் எஞ்சின் பற்றிய பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் எடை பற்றி ஒருவரும் பேசவில்லையே? அந்த டயர் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மைலேஜைத் தின்பது அந்த எடைதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பட்டறைக்காரர்:

எடை தின்னும், ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் அல்ல. ஒரு டயருக்கு எட்டு கிலோ கூடியது என்று வைத்துக்கொண்டால் நான்குக்கு 32 கிலோ. அது சக்கரத்தின் விளிம்பில் சுழலும் எடை என்பதால் வண்டியைக் கிளப்பும்போது ஏறக்குறைய இரு மடங்காகக் கனக்கும். அதாவது கூடுதலாக ஓர் ஆளை ஏற்றிக்கொண்ட கதை. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் வடபழனியில் அது தெரியும். ஒரே வேகத்தில் விழுப்புரம் தாண்டிப் போய்க்கொண்டிருப்பவருக்கு அநேகமாகத் தெரியாது.

செம்மண் சாலை அவர்கள் இதுவரை சொல்லாத ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். காற்று எவ்வளவு பிடித்திருக்கிறீர்கள்? கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்துக் கடைக்காரர் பிடித்துவிட்டார் என்றால், அந்த எண் பழைய டயருக்கானது. உங்களுடைய புதிய டயர் எல்.டி. (லைட் டிரக், அதாவது பாரவண்டிகளுக்கான) வகையாக இருந்தால், அதே பாரத்தைத் தாங்க அதற்குக் கூடுதல் அழுத்தம் தேவை. ஒரு சாக்பீஸ் எடுத்து டயரின் குறுக்கே பட்டன்களின் மேல் பட்டையாகக் கோடு போடுங்கள், தார்ச்சாலையில் நேராக நூறு மீட்டர் உருட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். இரண்டு ஓரமும் அழிந்து நடுவில் வெள்ளை நின்றால் காற்று போதவில்லை. நடு அழிந்து ஓரம் நின்றால் அதிகம்.

செம்மண் சாலை:

எல்.டி. வகைதான். அட்டையைப் பார்த்துத்தான் 30 பி.எஸ்.ஐ. பிடித்தார்கள். சாக்பீஸ் கோட்டில் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை அப்படியே நின்றது. இரண்டிரண்டாக ஏற்றிச் சோதித்து, 36-இல் கோடு ஒரே சீராக அழிந்தது. இந்த வாரம் 36-இல் ஊருக்குப் போகிறேன், ஜி.பி.எஸ். பார்த்துப் பழைய 96-ஐத் தாண்டாமல் ஓட்டுகிறேன். வந்து எழுதுகிறேன்.

கணக்கர்:

ஒரே நடையில் இரண்டை மாற்றினால் எது எவ்வளவு மிச்சம் செய்தது என்று பிரிக்க முடியாது, வேகத்தை இந்த முறையும் காற்றை அடுத்த முறையும் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ள நினைத்தேன், அதற்குள் கிளம்பியிருப்பீர்கள். ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் ஏறக்குறைய 0.2 சதவீதம் எரிபொருள் வீணாகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை தரும் அளவு. ஆறுக்கு 1.2 சதவீதம், உங்கள் நடைக்கு மூன்றில் ஒரு லிட்டர். அதற்கு மேல் மிச்சமானால் அது வேகத்தின் கணக்கு.

செம்மண் சாலை:

போய்ச் சேர்ந்தேன். டேங்க் நிரம்ப 28.26 லிட்டர் பிடித்தது. 29.7-இலிருந்து நல்ல இறக்கம்தான், ஆனாலும் பழைய 26.4-ஐவிட ஏழு சதவீதம் அதிகம். வழியில் பத்து நிமிடம்கூடத் தாமதமாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கணக்கர்:

ஏழில் ஐந்து, கொல்லிமலையான் சொன்னபடி பட்டனுக்குப் போய்விடுகிறது. மிஞ்சும் இரண்டுதான் அளவின் விலை, அதுவும் சமதளத்தில். பதினைந்தில் தொடங்கிய விவாதம் இரண்டில் வந்து நிற்கிறது.

கொல்லிமலையான்:

என் வண்டியின் ஐந்தை அவர் வண்டியில் கழிப்பது சரியா? எஞ்சினும் வேறு, டயர் கம்பெனியும் வேறு. அவர் போட்டது கனமான எல்.டி. டயர், என்னுடையது சாதாரண வகை. அவருடைய பட்டன் ஆறும் தின்னலாம், ஏழும் தின்னலாம்.

பட்டறைக்காரர்:

அந்த இரண்டைப் பற்றி எனக்கு வேறொரு சந்தேகம். லிட்டர் 92 ரூபாய் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். 28.26-ஐ 92-ஆல் பெருக்கினால் அச்சடித்தது போல 2,600 ரூபாய் வருகிறது. நாசில் தானாக நின்ற பிறகு பங்க்கில் இருந்த பையன் "ரவுண்டா போட்டுடவா சார்" என்று கேட்டானா?

செம்மண் சாலை:

கேட்டான் ஐயா. நானும் சரி என்றேன். நாசில் முதலில் நின்றபோது எவ்வளவு காட்டியது என்று கவனிக்கவில்லை; அரை லிட்டராவது அதற்குப் பிறகு போயிருக்கும்.

பட்டறைக்காரர்:

அரை லிட்டர் என்றால் 28-இல் அதுவே இரண்டு சதவீதம். கணக்கர் அவர்கள் டயரின் அளவுக்கு எழுதிய பற்று, அந்தப் பையன் ஊற்றியதாகவும் இருக்கலாம். திரும்பி வரும்போது தாம்பரத்தில் அதே பங்க்கில், அதே நாசிலில், முதல் முறை நின்றதும் நிறுத்தச் சொல்லிவிட்டு எழுதுங்கள். சில்லறை பாக்கியை வாங்கிக்கொள்ளுங்கள்.

செம்மண் சாலை:

ஞாயிறு இரவு கிளம்புகிறேன். தோட்டத்தில் முந்தின நாளிலிருந்து மழை பெய்வதால், டயரில் ஒட்டியிருக்கும் சேற்றின் எடையையும் கணக்கர் கழித்துக்கொள்ளட்டும்.