ஜூனியர் ஹாக்கி சீசனும் பள்ளிப் படிப்பும்: அனுபவமுள்ள பெற்றோர் உதவுங்களேன்

வணக்கம். என் தங்கை மகன் அடுத்த சீசனில் கனடாவின் இளையோர் ஐஸ் ஹாக்கி லீக்குகளில் ஒன்றான ஒன்டாரியோ ஹாக்கி லீக்கில் ஆடப் போகிறான். வயது 16தான். பிளேஆஃப் எனும் இறுதிச் சுற்றுகளைச் சேர்க்காமலே 68 ஆட்டங்கள், அதில் பாதி வெளியூரில். வேறொரு குடும்பத்தோடு தங்கித்தான் பள்ளிக்கும் போக வேண்டும். வெள்ளி இரவு ஆட்டம் முடிந்து பஸ் ஏறினால் நடுராத்திரிக்கு மேல்தான் வந்து சேருவான். மறுநாளே இன்னொரு ஆட்டம் என்றால் எப்போது படிப்பான்? தங்கைக்கு அதுதான் பெரிய கவலை. 2025 ஆகஸ்ட் முதல் இந்த லீக்கில் ஆடியவர்களும் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் சேரலாம் என்பதால் மதிப்பெண்ணை விட்டுவிட முடியாது.

பிள்ளையை இப்படி அனுப்பியவர்கள் சொல்லுங்களேன்: தங்கும் வீட்டாரிடம் முதலிலேயே என்னென்ன பேசிக்கொள்ள வேண்டும்? பரீட்சை வாரத்தில் பயிற்சியாளர்கள் விட்டுக்கொடுப்பார்களா? அப்புறம், பஸ்ஸில் உண்மையிலேயே படிக்க முடிகிறதா?