வளவு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கர்ணன் போர்

ஞாயிறு காலை

சின்னம்மா: எல்லோரும் எழும்பியாச்சா? எனக்கு இன்னும் காதுக்குள்ளே மத்தளம் அடிக்குது.

அத்தான்: எனக்குக் காதுக்குள்ளே பிரதம விருந்தினர் பேசிக்கொண்டே இருக்கிறார்.

அக்கா: நேற்று ஏழு மணிக்குக் கர்ணன் போர் கூத்து என்று நோட்டீஸ். கூத்தைத் தொடக்கிவைக்கிற கட்டியகாரன் வந்தது எட்டேகாலுக்கு.

அத்தான்: கூத்தை இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கியவர்கள் பேச்சைச் சுருக்க மறந்துவிட்டார்கள்.

கனடா மாமி: நாங்கள் லைவில் பார்த்தோம். இங்கே காலை நேரம். பேச்சு முடியும்வரைக்கும் சுட்ட ரொட்டி ஆறிப்போனது. குந்தி வருகிற இடத்தில் சரியாக நெட் நின்றுவிட்டது. யாராவது வீடியோ எடுத்தீர்களா?

சின்னம்மா: எடுக்கத் தொடங்கினேன். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டேன். அவள் "என் மகனே" என்று இழுத்தாளே, மறுகா எங்கே வீடியோ.

மச்சாள்: மாமி, நீங்கள் முன்வரிசையில் மூக்கைச் சிந்தியதைப் பார்த்து குந்தியாக நின்ற எனக்கு அடுத்த அடி மறக்கப் பார்த்தது.

நான்: எனக்குப் பக்கத்தில் இருந்த ஆச்சி சொன்னதைக் கேளுங்கள். "முன்னம் ஆம்பிளை குந்தியாக வந்தால் நாங்கள் கொஞ்சம் சிரித்துவிட்டு மறுகாதான் அழுவோம். இந்தப் பிள்ளை வந்ததும் நேரே அழுகை வந்துவிட்டது" என்றா.

மச்சாள்: அது பாராட்டா இல்லையா?

நான்: நானும் இரவு முழுக்க யோசித்தேன். தெரியவில்லை.

அக்கா: நம்ம வீட்டில் சின்னவன் காலையிலேயே காட்போட்டில் கெருடம் வெட்டித் தலையில் வைத்துக்கொண்டு திரிகிறான். ஆனால் கிருஷ்ணனோடு கோபம். "பிராமணன் மாதிரி வேஷம் போட்டு வந்து புண்ணியத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு போவது களவு இல்லையா அம்மா" என்று கேட்கிறான்.

அத்தான்: நியாயமான கேள்வி. பதிலை அவனுடைய பெரியப்பாவிடம் கேட்கச் சொன்னேன்.

தம்பி: நாகாஸ்திரம் விடும்போது வந்த புகை எப்படி? அது வாடகை மெசின்.

அக்கா: பிள்ளைகள் எல்லாம் கத்தினார்கள். எனக்கு இருமல் வந்தது. ஆனால் நல்லாத்தான் இருந்தது.

கனடா மாமி: பெரியவர் ஒன்றும் சொல்லவில்லையே. நீலச் சரி இரண்டும் விழுந்திருக்கிறது.

பெரிய மாமா: பிள்ளைகள் நல்லா ஆடினார்கள். குறை சொல்ல இடமில்லை. கூத்து எந்தப் பக்கம் போனது என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி: தொடங்கிவிட்டார்.

நான்: மாமா, விடிய விடிய ஆடினால் இப்போது யார் இருந்து பார்ப்பார்கள்? எனக்கு இன்று காலையில் சமையல், நாளைக்கு வேலை.

பெரிய மாமா: விடிய விடிய வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன் புள்ள? நீங்களே ஒன்றை நினைத்துக்கொண்டு அதற்கே பதிலும் சொல்கிறீர்கள்.

அத்தான்: மாமா சொல்ல முன்னம் நான் ஒன்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் விடியும்வரை இருந்ததற்கு ஆசை மட்டும் காரணமில்லை. ஆரையம்பதியில் இருந்து வாவிக்கு இந்தப் பக்கம் படுவான்கரைக்குக் கூத்துப் பார்க்க வந்தால் மண்முனைத் துறையைத் தாண்ட வேண்டும். ராவில் பாதைப் படகு ஓடாது. திரும்பிப் போக வழியில்லாதவன் கூத்தாடும் களரியில் இருக்காமல் வேறு எங்கே இருப்பான்? 2014ல் பாலம் திறந்தார்கள். நேற்று பதினொன்றரைக்கு நான் என் கட்டிலில்.

பெரிய மாமா: இதைச் சொன்னதற்காக உனக்கு ஒரு தேத்தண்ணி. உண்மைதான். வேளாண்மை வெட்டி முடிந்த கையோடு கூத்துப் பழகுவதும் அப்படித்தான், கையில் நேரமும் வீட்டில் நெல்லும் இருக்கும் காலம் அது.

சுருக்கும் வேலை நேற்றுத் தொடங்கியதா? 1956ல் சரச்சந்திர சிங்களத்தில் மனமே நாடகம் போட்டார். அதற்குப் பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வித்தியானந்தன் நம்ம கூத்தைக் கையில் எடுத்தார். 1962ல் அவர் முதலில் மேடைக்குக் கொண்டுபோனதே இந்தக் கர்ணன் போரைத்தான். அடுத்த வருடம் நொண்டி நாடகம், பிறகு இராவணேசன், 1967ல் வாலி வதை. ஆட்டம் பழக்கியது வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். இராவணனாக ஆடியது அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த நம்ம மட்டக்களப்பு மௌனகுரு. இராப்பொழுது முழுக்க நடப்பதை ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் காட்டினார்கள். அதனால் கூத்துச் செத்துப்போகவில்லை. படித்தவர்கள் கூத்தை ஏறிட்டுப் பார்த்ததே அதற்குப் பிறகுதான். இராவணேசனை மௌனகுரு சேர் மட்டக்களப்பில் திரும்பப் போட்டபோது நான் சைக்கிளில் போய்ப் பார்த்தவன்.

ஆகவே நேரத்தைக் குறைத்தது குற்றமில்லை. எதை வெட்டினார்கள் என்பதுதான் என் கேள்வி.

தம்பி: எதை வெட்டினார்கள்?

பெரிய மாமா: நீ மேடையில் நின்றவன். நீ சொல்.

தம்பி: சகுனியோடு நடக்கிற ஆலோசனை போய்விட்டது. தூது ஒன்று போய்விட்டது. பிறகு பிற்பாட்டு.

பெரிய மாமா: அதுதான்.

அத்தான்: இப்போது விளங்குது. மாமா அந்தக் காலத்துப் பிற்பாட்டுக்காரர். தன் வேலை போனதென்று கவலை.

பெரிய மாமா: சிரி, சிரி. கர்ணன் ஒரு அடி பாடுகிறான். கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதை வாங்கித் திரும்பப் பாடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் அவன் ஆடுவான். பாட்டு அவர்களிடம் போனால்தான் அவனுடைய கால் விடுபடும். நேற்று அவன் பாடி முடிக்க முன்னமே அடுத்த அடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. பாதி ஆட்டம் பாதி பாட்டு. முழுசாக ஒன்றும் இல்லை. கரப்புடுப்பையும் கட்டிக்கொண்டு, கன்னத்தில் மைக்கையும் ஒட்டிக்கொண்டு, மூச்சு வாங்கும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது.

தம்பி: அது உண்மைதான். சல்லியன் வரவு முடிந்ததும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பழகும்போது பிற்பாட்டோடுதான் பழகினோம். சதங்கை கட்டிய அன்றைக்கும் அப்படித்தான். கடைசிக் கிழமைதான் வெட்டினார்கள். எல்லாத் தருவிலும், அதாவது எல்லாப் பாட்டிலும், திரும்பப் பாடுவதை எடுத்தால் முக்கால் மணி நேரம் மிச்சம் என்று கணக்குப் பார்த்தார்கள்.

அக்கா: அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் பேச்சுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அத்தான்: இதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

சின்னம்மா: அண்ணாவியாரை எங்கே இருத்தினார்கள் பார்த்தீர்களா? ஓரத்தில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால். சல்லாரித் தாளம் போடுகிறவரின் கை மட்டும் தெரிந்தது.

பெரிய மாமா: களரியில் அவர் நடுவில் நிற்பார். சுற்றிக் கூத்தர், அதைச் சுற்றிச் சனம். நாலு பக்கமும் ஆள் இருப்பதால்தான் ஆட்டமே சுழன்று சுழன்று வருகிறது. நேற்று ஒரு பக்கம் மட்டும் கதிரை. கர்ணன் சுழன்று திரும்பி யாருக்கு ஆடிக் காட்டினான்? அனுசரணை தந்த கடைகளின் பனருக்கு.

அத்தான்: பனருக்கு அழுகை வந்ததா என்று கேட்க வேண்டும்.

கனடா மாமி: இங்கே பெரிய அரங்குகளில் பழைய இசை நாடகங்களைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். மூன்று மணி நேரம் போகும். நடுவில் இடைவேளை. டிக்கெட் விலை கேட்டால் மயக்கம் வரும். நீளம் என்று ஒருவரும் எழும்பிப் போவதில்லை. மகன் லைவைப் பார்த்துவிட்டு, "ஏன் அம்மா அவசரமாகப் பாடுகிறார்கள்" என்றான். தமிழ் பாதிதான் விளங்கும் அவனுக்கு.

பெரிய மாமா: பாதி விளங்குகிறவனுக்கு விளங்கினது நோட்டீஸ் அடித்தவர்களுக்கு விளங்கவில்லை.

மச்சாள்: அப்பா, ஒரு விஷயம். குந்தியின் பாட்டில் பிற்பாட்டு வேண்டாம் என்று சொன்னது அவர்கள் இல்லை. நான்.

பெரிய மாமா: ?

மச்சாள்: வீட்டில் சொன்னால் சண்டை வரும் என்று சொல்லவில்லை. பழகத் தொடங்கிய நாளில் இருந்தே சுருதி சேரவில்லை. என் சுருதிக்கு அவர்கள் ஏறினால் தொண்டை கிழிகிறது. அவர்களுடைய சுருதிக்கு நான் இறங்கினால் குந்தி பேய் மாதிரிப் பேசுகிறாள். ஆம்பிளை ஆடிய காலத்தில் எல்லாம் ஒரே தொண்டை. பெண் ஆடலாம் என்று ஊர் ஒத்துக்கொண்டது. அதற்காகப் பாட்டை யாரும் திருத்தவில்லை. அண்ணாவியார் பாவம், இரண்டு மூன்று விதமாகப் பார்த்தார். கடைசியில் நானே தனியாகப் பாடுகிறேன் என்றேன்.

நான்: அந்த இடம்தான் எல்லோரையும் அழவைத்தது. பிற்பாட்டு இல்லாமல் தனிக்குரலில் வந்ததால்தானோ என்னவோ.

பெரிய மாமா: அந்த ஒரு இடத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். தாய் தனியாகத்தான் வந்து கேட்கிறாள், சபையில் இல்லை. போர்க்களத்துக்கு அப்படிச் செய்ய முடியாது. சேனையே இல்லாமல் ஒருவன் போருக்கு வந்த மாதிரி இருந்தது.

தம்பி: மாமா ஒத்துக்கொண்டார். இந்த மெசேஜை யாராவது பின் பண்ணி வையுங்கள்.

நான்: மட்டக்களப்புச் சீலாமுனையில் கூத்தை மீளுருவாக்கம் செய்தார்களே, அங்கே ஊர்க்காரரோடு இருந்து பேசிப் பேசித்தான் எழுத்தில் கைவைத்தார்கள். எது ஏன் அப்படி இருக்கிறது என்று ஆடுகிறவர்களும் பார்க்கிறவர்களும் கேட்டார்கள். நம்ம ஊரில் அந்தப் பேச்சு நடக்கவில்லை. நோட்டீஸ் அடித்தபிறகு கத்தரிக்கோலை எடுத்தார்கள்.

அக்கா: இப்போது நடக்குதே பேச்சு. ஆடி முடிந்த பிறகு.

சின்னம்மா: இங்கே யுத்த காலத்தில் நின்ற கூத்து இது. ராவில் பத்துப் பேர் சேர்ந்து நிற்கப் பயந்த காலம். அதற்குப் பிறகு முதல் தடவையாக ஊர் முழுக்க ஒரு இடத்தில் இருந்து பார்த்தது. அதை நினைத்துத்தான் எனக்குப் பாதி அழுகை. நீங்கள் சுருதி, பிற்பாட்டு என்று பேசுங்கள். நான் பார்த்தது அதுதான்.

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

அத்தான்: மாமா என்னவோ எழுதி அழித்துவிட்டார்.

பெரிய மாமா: ஒன்றுமில்லை. தங்கச்சி சொல்வது சரி.

ஞாயிறு பின்னேரம்

தம்பி: இப்போதுதான் அண்ணாவியாரைப் பார்த்துவிட்டு வருகிறேன். மாமா சொன்னதையே அவரும் சொல்கிறார், ஆனால் இன்னும் காரமாக. இங்கே எழுத முடியாது. அரங்கேற்றம் முடிந்தால் வீட்டுக்கு வீடு ஆடுவது முறைதானே, அதை விடக்கூடாது என்கிறார். சனிக்கிழமை முதல் வளவு எது என்று கேட்டார்.

சின்னம்மா: நம்ம வளவுதான். வேறெங்கே. மாமரத்துக்கு அங்கால நல்ல வெளி இருக்கு.

தம்பி: மேடை இல்லை. வட்டமாகத்தான். சனம் சுற்றியிருக்கும். மைக் வேண்டாம் என்கிறார்.

பெரிய மாமா: பேச்சாளர்?

தம்பி: பேச்சாளரும் வேண்டாம்.

அத்தான்: அப்படியென்றால் நான் பாலம் தாண்டி வருகிறேன்.

தம்பி: முழுக் கூத்தும் இல்லை. பதினேழாம் நாள் சண்டையை மட்டும் எடுப்போம், ஆனால் அந்தப் பகுதியைப் பிற்பாட்டோடு முழுசாக ஆடுவோம் என்கிறார். சல்லியன் தேர் ஓட்ட வருகிற இடத்தில் இருந்து கர்ணன் விழும்வரைக்கும். அதற்கே இரண்டு மணி நேரம் போகும்.

பெரிய மாமா: பார்த்தாயா. காட்சியை வெட்டினால் வலிக்காது. கதை தெரியாதவன் யார் இருக்கிறான் இங்கே?

அக்கா: என் மகன் இருக்கிறான். கிருஷ்ணன் மேல் இன்னும் கோபம்.

மச்சாள்: அப்போ குந்தி இல்லையா?

தம்பி: கர்ணன் விழுந்த பிறகு குந்தி வந்து மடியில் எடுத்து அழுகிற பாட்டு இருக்கே, நேற்று நேரமில்லை என்று விட்டது. அதைப் போடலாம் என்கிறார். ஆனால் அதற்குப் பிற்பாட்டு இல்லாமல் முடியாதாம். உங்கள் சுருதிக்குப் பாட ஆள் வேண்டும். பெண்கள் இரண்டு மூன்று பேர்.

நான்: பெண்கள் பிற்பாட்டுக்கா? அண்ணாவியாரா அப்படிச் சொன்னார்?

தம்பி: ஓம். நான் கேட்க முன்னமே சொல்லிவிட்டார். பிறகு அவரே கேட்டார், "உங்கட சின்னம்மா வளவில்தானே இவ்வளவு மாதமாகப் பழகினோம். அவ தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே எல்லாத் தருவையும் முணுமுணுத்துக்கொண்டுதானே இருந்தா. அவவுக்குப் பாடம் இல்லாத அடி இருக்கா?"

சின்னம்மா: யார், நானா? ஊர் சிரிக்கும்.

பெரிய மாமா: சிரிக்கட்டும். மறுகா அழும்.

கனடா மாமி: நீங்கள் பாடுங்கள். நான் விடிய எழும்பியாவது பார்ப்பேன்.

அத்தான்: மாமி, உங்களுக்கு அது விடியல் இல்லை, காலைச் சாப்பாட்டு நேரம். ரொட்டியைப் பிறகு சுடுங்கள்.

சின்னம்மா: என் தொண்டை இப்போது முன்னம் மாதிரி இல்லை.

அக்கா: நேற்று நான் பின்னால் இருந்தேன் சின்னம்மா. குந்தி பாடும்போது உங்கள் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

மச்சாள்: மாமி, நாளைக்கு ஐந்து மணிக்கு வருகிறேன். முதலில் நாம் இரண்டு பேரும் சுருதி பிடித்துப் பார்ப்போம். ஆளில்லாத நேரம்தானே.

சின்னம்மா: ஐந்து மணிக்கு மாடு கட்ட வேண்டும். ஆறுக்கு வா.

தம்பி: மழை வந்தால்? படங்கு யாரிடம் இருக்கு?

அத்தான்: என்னிடம் இரண்டு இருக்கு, ஒன்றில் ஓட்டை. ஜெனரேட்டரும் கொண்டுவரலாம். ஆனால் அந்தச் சத்தத்தில் மத்தளம் கேட்காது.

பெரிய மாமா: ஜெனரேட்டர் வேண்டாம். என்னிடம் பழைய பெற்றோமக்ஸ் இரண்டு கிடக்கு. மண்ணெண்ணெய்க்கும் விளக்குத் திரி மென்டலுக்கும் மட்டும் யாராவது பொறுப்பு எடுங்கள்.

அத்தான்: மென்டல் இப்போதும் விற்கிறார்களா?

பெரிய மாமா: கொக்கட்டிச்சோலையில் கேட்டுப் பார். இல்லையென்றால் டவுனில் இருந்து மருமகள் வாங்கி வரட்டும்.

நான்: சரி மாமா. எத்தனை?

பெரிய மாமா: நாலு வாங்கு புள்ள. பற்றவைக்கும்போது இரண்டு எப்படியும் உடையும்.

சின்னம்மா: அண்ணன், கூத்துக் கொப்பி உங்களிடம்தானே? அந்தக் கடைசிப் பாட்டில் மூன்றாம் அடி எனக்குச் சரியாகப் பாடமில்லை. போட்டோ எடுத்து அனுப்புங்கள். இந்தக் குழுவில் வேண்டாம், எனக்கு மட்டும்.