ஏழு வயது மகனுக்குக் கவனம் நிற்பதில்லை, மருந்து வேண்டியிருக்குமா?

கேள்வி (பல்லடம் அருகிலிருந்து ஒரு தாய்):
வணக்கம். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் மூன்று முறை எழுந்துவிடுகிறான். கையில் தோசையுடன் வாசலுக்கு ஓடுகிறான். வாரத்துக்கு நான்கு பென்சில்களாவது தொலைகின்றன. மருத்துவரிடம் காட்டுமாறு வகுப்பாசிரியை சொல்கிறார். "அவங்கப்பனும் இந்த வயசுல இப்படித்தானுங்க கண்ணு" என்று என் மாமியார் தடுக்கிறார். மருந்து கொடுத்தால் பிள்ளை மந்தமாகிவிடுவானோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது.

பதில் 1 (கோவை, சிறப்புக் கல்வி ஆசிரியர்):
உங்கள் மாமியார் சொன்னதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். ஆசிரியை சந்தேகிப்பது ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறாக இருக்கலாம்; அது பெரும்பாலும் மரபுவழியில் வருவதால், அவருடைய பேச்சு உண்மையில் ஒரு தடயம். அதே சமயம், துறுதுறுப்பு மட்டுமே கோளாறாகிவிடாது. 12 வயதுக்கு முன் தொடங்கி, குறைந்தது 6 மாதங்கள் நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கிறதா என்று பார்த்த பின்னரே மருத்துவர் முடிவு செய்வார். காது, கண், தூக்கம் ஆகியவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள், ஏனெனில் சரியாகக் காது கேளாத பிள்ளையும் 'சொன்ன பேச்சைக் கேட்காதவன்' என்றுதான் பெயர் வாங்குகிறான்.

ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதலில் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியைத்தான் பரிந்துரைப்பார்கள். அதற்கு மேற்பட்டவர்களுக்குத் தேவைப்பட்டால் பயிற்சியுடன் மீதைல்ஃபெனிடேட் போன்ற மருந்தும் சேரும். பசி குறைவதும் தூக்கம் தள்ளிப்போவதும் அதன் வழக்கமான பக்கவிளைவுகள் என்பதால் எடை, உயரம், நாடித்துடிப்பைத் தொடர்ந்து பார்ப்பார்கள். பிள்ளை மந்தமாகத் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றுவார்.

பதில் 2 (சோமனூர், ஒரு தந்தை):
எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கூடம். அந்தச் சத்தம்தான் மகனைக் கெடுக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். கரண்ட் போய்த் தறி நின்ற நொடியில்தான் அவன் நோட்டை மூடிவிட்டு எழுகிறான் என்பதைப் பின்னர் கவனித்தோம். அவனைக் கலைத்தவை எதிரில் இருந்த டிவியும் செல்போனும்தான். இப்போது சுவரைப் பார்த்து உட்காருகிறான். பத்து நிமிடம் எழுதிவிட்டு, தோட்டத்துக்கு ஓடிக் கோழிக்குத் தீனி வைத்துவிட்டு வருகிறான். "பல் தேய்த்து, பையை எடுத்து, செருப்பைப் போடு" என்று சேர்த்துச் சொன்னால் செருப்பு மட்டுமே நடக்கும். அதனால் அருகில் சென்று ஒவ்வொன்றாகச் சொல்கிறோம், முடித்தவுடன் பாராட்டுகிறோம். மாலையில் பாராட்டினால் எதற்கென்றே அவனுக்கு நினைவிருக்காது.

கேட்டவர்:
நன்றிங்க. காது சோதனையை நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை. புதன்கிழமை போகிறோம், மாமியாரும் உடன் வருகிறார்.